அடுப்பு லைனில் ஐந்து மீட்டர்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நலம்தான், முழங்கால் மட்டும் நலமில்லை. நாங்கள் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் ஏழாவது மாடிக்கு நடந்தே ஏறுகிறோம். லிப்ட் ஓடவில்லை. அதற்கு லைன் கொடுக்க வேண்டியதே நாங்கள்தான், யாரைப் போய்த் திட்டுவது? மதிய இடைவேளையில் வயர் சுருள்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நேற்று போனில், கடிதம் வரும்வரை புது ஓவனைத் தொடாதே என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ஏன், ஏன் என்று கேட்டாய். பக்கத்தில் மாமா பேசுவது கேட்டது, சொல்ல வாய் வரவில்லை. கேக் ஆர்டர் கொடுத்தவர்களுக்கு நீ என்ன பதில் சொல்வாய் என்று எனக்கும் கவலைதான். இருந்தாலும் தொடாதே.

ஓவனும் கெட்டிலும் சேர்ந்து ஓடினால் பிரேக்கர் விழுகிறது, அதனால் பதினாறு ஆம்பியரை எடுத்துவிட்டு முப்பத்திரண்டு போட மாமா ஆளுக்குச் சொல்லிவிட்டார் என்றாய். போட விடாதே. ஓவன் எவ்வளவு இழுக்கும் என்று மட்டும் பார்த்து பிரேக்கர் வாங்கக் கூடாது. சுவருக்குள் இருக்கும் வயர் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க வேண்டும். உன் வீட்டில் வயர் சூடேறித் தீப்பிடிக்கும் முன் அது விழுந்து கரண்டை நிறுத்துவதால்தான் நீங்கள் நிம்மதியாகத் தூங்குகிறீர்கள்.

சமையலறைக்கு முழுக்க நாலு எம்.எம். வயர் இழுத்திருக்கிறேன் என்று மாமாவிடம் சொன்னேன் அல்லவா? முழுக்க இல்லை. டேப் பிடிக்காமல் கண்ணாலேயே அளந்தேன், அப்போது அப்படி ஒரு திமிர். கடைசி ஐந்து மீட்டருக்கு வயர் பத்தவில்லை. கடை மூடியிருந்தது, எனக்கோ மாலையில் பஸ். லைட் லைனில் மிஞ்சிய மெல்லிய ஒன்றரை எம்.எம். துண்டை முறுக்கிச் சேர்த்து, டேப் சுற்றி, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் பெட்டிக்குள் தள்ளினேன். அந்தத் துண்டுக்குப் பதினாறே அதிகம். அடுத்த முறை வந்து மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் கொத்தனார் மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டார். ஆறு வருடம். வரும்போதெல்லாம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே உன் கையால் சாப்பிட்டேன், வாய் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, அக்கா.

வருகிற எலெக்ட்ரீஷியனிடம் இதைக் காட்டு. பிரிட்ஜை நகர்த்தி, இடுப்பு உயரத்தில் இருக்கும் டைல்ஸை உடைக்கட்டும். போர்டிலிருந்து ஓவன்வரை ஒட்டே இல்லாத நாலு எம்.எம்., ஓவனுக்கு மட்டும், அதற்கு இருபது ஆம்பியர். கெட்டிலுக்குத் தனியாக இரண்டரை எம்.எம்., பதினாறு. அதுவரை அந்த லைனை அணைத்தே வை. என் வேலையைப் பார்த்து அவர் சிரித்தால் சிரிக்கட்டும். எனக்கு லீவு கிடைக்க மூன்று வாரம் ஆகும், காத்திருக்காதே.

அன்று வயரிங்குக்கு வேறு ஆளை வைக்கலாம் என்று மாமா சொன்னபோது, என் தம்பிதான் செய்யணும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நீ. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சுவிட்சைத் தட்டிக் காட்டிப் பெருமை பேசினாய். இந்தக் கடிதத்தை மாமாவிடம் மறைக்காமல் கொடு. படித்துவிட்டு அவர் என்ன சொன்னாலும் சொல்லட்டும். நீ மட்டும், இந்த ஒரு தடவை, எனக்காகப் பேசாதே.

எல்லாரும் பத்திரமாக இருங்கள்.

உன் தம்பி