கணக்கு டீச்சர் வரும் நேரம்

ஏங்க,

நாலு மணிக்கு சுபியோட கணக்கு டீச்சர் தேபாஞ்சனா வருவாங்க. பெஹாலாவிலிருந்து பஸ்ல வர்றாங்க, முதல்ல டீயும் கொறிக்க நிம்கியும் கொடுங்க. பாடம் நடக்கும்போது பக்கத்துல போய் உட்காராதீங்க.

போன வாரம் சமையல்கட்டிலிருந்து நான் விடையைச் சொல்லிட்டேன். "அண்ணி, என் ஸ்டூடண்ட் நீங்களா, சுபியா?"ன்னு கேட்டாங்க. சுபியும் சிரிச்சா.

சுபியை ஸ்கூல்லேருந்து நிறுத்தினப்போ எல்லாத்தையும் நானே சொல்லித் தருவேன்னு சொன்னேன்தான். நேத்து நீங்க அதைக் குத்திக் காட்டியிருக்க வேண்டாம். பின்னக்கணக்கு என்கிட்ட அவளுக்கு அழுகை, அவங்ககிட்ட விளையாட்டு. அதான் வீட்டுக்கு எதிர்ல இருக்கிற பார்க்குக்குப் போறேன்.

மஞ்சுளா

பி.கு: போனை வீட்டிலேயே வெச்சிருக்கேன். கையில இருந்தா கூப்பிட்டுக்கிட்டே இருப்பேன். கிளாஸ் முடிஞ்சதும் பால்கனியில சிவப்புத் துண்டைப் போடுங்க.

சீக்கிரம் முடிஞ்சாலும் போடுங்க. பார்த்துக்கிட்டேதான் இருப்பேன்.