காஸ் இல்லாத இஞ்சிப் பியர்

சனிக்கிழமை, இரவு

மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் இன்று கொக்கட்டிச்சோலையிலிருந்து வந்தார்கள். என் கணவர் மூடிகளைத் திறந்து தர, நான் வீட்டில் போட்டுவைத்த இஞ்சிப் பியரை ஊற்றிக் கொடுத்தேன். ஒரு போத்தலிலும் நுரை வரவில்லை. மாப்பிள்ளையின் தாய் ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்ல கசாயம், தடிமன் சளிக்குக் கேட்கும்" என்றா. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. "இவர்தான் நுரைக்காத பழைய ஈஸ்ற்றை வாங்கி வந்தவர்" என்று எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டேன். இவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

அவர்கள் போனபிறகு, திறக்காத ஒரு போத்தலைக் குலுக்கித் தண்ணீர் வாளிக்குள் அமுக்கினேன். மூடியின் ஓரத்தால் காஸ் குமிழி குமிழியாக வந்தது. கழற்றிப் பார்த்தால், உள்ளே இருக்கும் றப்பர் வளையம் சூட்டில் சுருண்டு கிடக்கிறது. மூடிகளைக் கொதிநீரில் போட்டு அவித்தது நான்தான். ஈஸ்ற்றில் ஒரு பிழையும் இல்லை.

இவரிடம் காட்டினேன்.

"மூடியைத் திறக்கக்குள்ளயே கண்டன்" என்றார். "வந்த ஆக்களுக்கு முன்னால உன்ர பிழை எண்டு சொல்லேலுமா?"

மிச்சம் எல்லாவற்றையும் கிணற்றடியில் ஊற்றினேன். என்னை நினைக்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது. மன்னிப்புக் கேட்கப் போனேன். "சாப்பிட வாங்க" என்று மட்டும் சொன்னேன்.