ஏழாம் நபர்

ஜனவரி 9
என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து இரண்டு மாதம். இன்று அவருடைய மாணவி வந்தாள். அவர் பாதியில் விட்ட புத்தகத்தை அவள்தான் முடிக்கிறாளாம். முப்பது வருடம் 'சமூக விரோத நடத்தை' என்று ரவுடி, திருடன் பின்னாலேயே அலைந்த குற்றவியல் பேராசிரியர். சொந்த வீட்டுக் கதவைப் பூட்டத் தெரியாது. குறிப்பெல்லாம் சின்னச் சின்ன அட்டைகள். எழுத்து கோழி கிளறியது போல. நான் ஐந்தாவது வரைதான். ஆனால் அந்தக் கிளறலை வாசிக்க என்னை விட்டால் ஆளில்லை. நான் வாசிக்க, அவள் தட்டச்சு செய்வாள்.

"உங்களைத்தாம்மா நம்பியிருக்கேன்" என்றாள். அழுதுவிட்டேன். பிறகு டீ போட்டேன்.

ஜனவரி 15
பன்னிரண்டு பேரைப் பற்றிய புத்தகம். பெயர் கிடையாது, எண்தான். ஏழாவது ஆள் ஒரு பெண். பக்கத்து வீட்டுக் கார் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டு, ஆணி குத்தியிருக்கும் என்றாளாம்.

"சரியாத்தான் பண்ணியிருக்கா. நானும் ஒருதரம்..." என்றேன். மாணவி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஜனவரி 16
அய்யோ. ஏழு நான்தான்.

ஜனவரி 17
ஒரு அட்டை: 'பல்கலைக்கழக விருந்தில் ஆறு கரண்டிகளைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். குற்றவுணர்ச்சி இல்லை.' எப்படி இருக்கும்? துறைத்தலைவர் பெண்டாட்டி என்னைச் சமையலுக்கு வந்தவள் என்று நினைத்து எச்சில் தட்டைக் கையில் கொடுத்தாள். நீங்கள் பக்கத்தில்தானே நின்றீர்கள்? படுபாவி மனுஷா, நான் சோறு போடப் போட நீ எழுதிக்கிட்டே இருந்தியா?

ஏழின் அட்டைகளை எல்லாம் பழைய போர்வைக்குள் சுருட்டி வைத்தேன்.

ஜனவரி 20
மாணவி அட்டைகளைக் கேட்டாள். கரையான் தின்றுவிட்டது என்றேன்.

"நாலு நாள்லயா?"

"பசியில இருந்த கரையான்."

"ஏழு இல்லேன்னா புத்தகமே இல்லம்மா. சார் இருபது வருஷம் விடாம எழுதினது அதை மட்டும்தான். அந்தம்மா கையெழுத்துப் போட்டாத்தான் அச்சடிப்பாங்க."

"அவ செத்துட்டா."

அவள் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு கரண்டியைத் தூக்கிக் காட்டினாள். காம்பில் பல்கலைக்கழக முத்திரை.

"கரண்டிக் கதையை சார் சொல்லியிருக்கார். இதை முதல் நாளே பாத்துட்டேம்மா."

ஜனவரி 21
போர்வையைப் பிரித்தேன். கடைசி அட்டை ஆஸ்பத்திரியில் எழுதியது. கை நடுங்கியிருக்கிறது; வாசிக்க எனக்கே நேரமானது. 'ஏழாம் நபர் கோபப்பட்ட ஒவ்வொரு இடத்திலும் பக்கத்தில் ஒருவர் வாய்மூடி நின்றிருக்கிறார். கரண்டி விருந்திலும். அந்த ஆளை நான் ஆராயவே இல்லை.'

இதை இப்பத்தான் சொல்றீங்களா?

ஜனவரி 24
மாணவி படிவம் கொண்டுவந்தாள். "உங்க பேர் வெளிய வராதும்மா, எண் மட்டும்தான்."

அவருடைய ஒன்பது புத்தகங்களிலும் என் பெயரைத் தேடிப் பார்த்தவள் நான். ஒன்றிலும் இல்லை.

பெயரை மறைக்கலாமா என்ற இடத்தில் 'கூடாது' என்று எழுதினேன். கீழே முழுப் பெயர், கொட்டை எழுத்தில், கட்டத்தைத் தாண்டி வெளியே வரும்படி.