எழுபது வளைவுக்கு மேலே நாலடிக் கடல்

7.7.2024, ஞாயிறு

கண்ணாடித் தொட்டி வந்து சேர்ந்தது. சேலத்திலிருந்து காளப்பநாயக்கன்பட்டி வரை கவலையில்லை. அதற்கு மேல் எழுபது கொண்டை ஊசி வளைவு. டெம்போவின் பின்னால் தொட்டியைக் கட்டிப்பிடித்தபடியே உட்கார்ந்து மலையேறினேன். ஐம்பத்தோரு வயதில் இவ்வளவு இறுக்கமாக நான் எதையும் கட்டிப்பிடித்ததில்லை. இதைச் சங்கீதாவிடம் சொல்ல வேண்டாம்.

இறக்கி வைத்ததும் கேட்டாள். "ஏனுங்க, இதுல என்னத்த வளக்கப் போறீங்க?"

"கடல."

உள்ளே போய் குக்கரை வைத்தாள். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷம். எதற்குக் கேள்வி கேட்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

10.7.2024

ஹெட்மாஸ்டர்: "குணசேகரன் சார், மலையில மிளகு வரும், மரவள்ளி வரும். கடல் வருமா?" ஆசிரியர் அறையே சிரித்தது. வரும் சார் என்றேன். அறிவியல் வாத்தியார் அல்லவா, தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்வதில் நமக்குப் பயிற்சி உண்டு.

14.7.2024

எதற்கு இந்த வேலை என்று கேட்பவர்களிடம், பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட என்கிறேன். பொய். வித்யாவுக்காக.

போன வருஷம், தூத்துக்குடியில் மீன்வளப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டதென்று என் மகள் ஓடிவந்து சொன்னாள். வீடு நிறைய சொந்தக்காரர்கள். நான் சொன்னேன்: "நர்ஸிங் படின்னு சொன்னா, மீன் விக்கப் போறேங்கறியா." எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். அவளைக் கொண்டுபோய் விடக்கூட நான் போகவில்லை, சங்கீதாதான் போனாள். அன்றிலிருந்து போனில் எனக்கு இரண்டே சொல். "சாப்டீங்களா." "வெக்கறேன்."

மன்னிப்புக் கேட்கலாம். ஒரு நிமிஷ வேலை. அதைச் செய்யாமல் நாலடித் தொட்டி வாங்கி வைத்திருக்கிறேன். என்ன ஆளு நானு?

28.7.2024

பாறைச் சுவர் தயார். தொட்டியின் பின்பக்கம் முழுக்கப் பவளப்பாறை மாதிரி ஒரு சுவர் நிற்க வேண்டும், அதன் பொந்துகளில் மீன் ஒளிய வேண்டும். வெள்ளை சிமெண்ட், நொறுக்கிய சிப்பி, கல்லுப்பு மூன்றையும் குழைத்துச் செய்து, பிறகு தண்ணீரில் ஊறப்போட்டால் உப்பு கரைந்து துளை துளையாக ஆகிவிடுமாம். வீடியோவில் பார்த்தது.

கொத்தனார் சின்னராசு கரண்டியை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். "சார், இருவது வருசமா செவுரு கோணையாப் போச்சுன்னு திட்டு வாங்கிட்டிருக்கறேன். நீங்கதாங்க கோணையாக் கட்டச் சொல்ற மொத ஆளு."

பள்ளியில் சமைக்கும் பெருமாயி, கல்லுப்பு மூட்டையைப் பார்த்துவிட்டு, "ஊறுகாயாங்க சார்?" என்றார்.

பவளப்பாறையாக வர வேண்டியது. அமுங்கிப்போன இட்லிகளை அடுக்கின மாதிரி வந்திருக்கிறது.

11.8.2024

குறைந்தது ஆறு வாரம் ஊற வேண்டும் என்கிறார் வீடியோக்காரர். இரண்டு நாள் காய்ந்தது போக, பன்னிரண்டு நாள் ஊறினால் போதும் என்று நான் முடிவு செய்தேன். எந்த ஆதாரத்தில்? தெரியாது. இன்றைக்கு எடுத்து, தொட்டியின் பின் கண்ணாடியில் சிலிக்கான் பசை போட்டு ஒட்டிவிட்டேன். இனி யானை வந்து இழுத்தாலும் வராது. பெருமையாக இருந்தது.

25.8.2024

கடலுப்புக் கலவை கரைத்து, பம்பு ஓடவிட்டு, விளக்குப் போட்டாயிற்று. பெருமாயி பார்க்க வந்தார். இந்த மலையிலேயே எடப்புளி நாட்டுக்காரர், கடல் பார்த்ததில்லை. விரலை முக்கி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"நெசமான கடலும் இப்படித்தான் கரிக்குங்களா?"

"ஆமாங்க," என்றேன். நானும் கடலைக் கரையிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். மெரினாவில் கணுக்கால் வரை. அவரிடம் சொல்லவில்லை.

1.9.2024

இரண்டு கோமாளி மீன்கள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். எனக்கு மட்டுமில்லாமல் என் மடிக்கும் ஒரு டிக்கெட் எடுக்க வேண்டுமென்று கண்டக்டர் சொன்னார்.

மீன்கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, உயிர்ப் பவளம் வேண்டுமா என்று கேட்டிருந்தார். சங்கீதா போனில் வித்யாவிடம் விசாரித்தாள். ஸ்பீக்கரில் பதில் வந்தது: "கடல்ல இருந்து பவளம் எடுத்து விக்கறதும் குத்தம், வாங்கறதும் குத்தம். அவருக்கு ஜெயிலுக்குப் போகோணும்னா வாங்கிக்கச் சொல்லும்மா."

ஒரு வருஷத்தில் என்னைப் பற்றி அவள் பேசிய மிக நீளமான வாக்கியம். சந்தோஷமாகத்தான் இருந்தது.

3.9.2024

ஒன்று செத்துவிட்டது.

4.9.2024

மற்றதும்.

5.9.2024

ஆசிரியர் தினம். பிள்ளைகள் ஆளுக்கொரு ரோஜா கொடுத்தார்கள். மூன்றாவது பீரியட் எட்டாம் வகுப்புக்கு அமிலமும் காரமும். கரும்பலகையில் காரத்துக்கு எடுத்துக்காட்டு எழுதினேன் — சோப்பு, சுண்ணாம்பு, சிமெண்ட். 'சிமெண்ட்' என்று எழுதி முடித்ததும் சாக்பீஸ் கையிலேயே நின்றுவிட்டது.

வீட்டுக்கு ஓடிவந்து தொட்டித் தண்ணீரில் சோதனைத் தாளை முக்கினேன். கருநீலம். ஊறாத சுவர் காரத்தைக் கக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. அதில் கொண்டுபோய் இரண்டு உயிரை விட்டிருக்கிறேன். இருபத்தாறு வருஷமா இதையே பாடம் நடத்தறவன். தூ.

நானே வித்யாவுக்குப் போன் போட்டேன். சங்கீதாவைப் போடச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

"pH பாத்துட்டுத்தான விட்டீங்க?"

"பாக்கல."

"ஆறு வாரம் ஊறிச்சா?"

"பன்னெண்டு நாள்."

"அப்பா, தப்பு உங்க மேலதான்."

"ஆமா கண்ணு." அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "அன்னைக்கு எல்லாரும் இருக்கறப்ப நான் சொன்னதும் தப்புதான். கொண்டாந்து விடாததும் தப்பு."

லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். விநாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"மொதல்ல அந்தச் செவுத்த வெளிய எடுங்க," என்றாள். "எடுத்து, தண்ணில வினிகர் ஊத்தி ஊறப்போடுங்க."

"எடுக்க முடியாதே கண்ணு. ஒட்டிப்போட்டேன்."

சிரித்தாளா அழுதாளா, சரியாகத் தெரியவில்லை.

3.11.2024

தீபாவளிக்கு வந்தவள் இரண்டு நாள் தொட்டியோடுதான் கிடந்தாள். தூண்டில் நரம்பைச் சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே கொடுத்து, அவள் ஒரு முனை, நான் ஒரு முனை, ரம்பம் மாதிரி இழுத்து இழுத்து அறுத்தோம். என் உள்ளங்கை கிழிந்தது. சுவர் இரண்டாக உடைந்து வந்தது.

"நல்லதாப் போச்சு," என்றாள். "செவுத்துக்குப் பின்னாடி தண்ணி ஓடறதுக்கு வழியே விடலையேப்பா. யாரு சொல்லிக்குடுத்தா?"

"நானே."

"அதான்."

19.1.2025

உடைந்த துண்டுகள் எட்டு வாரம் ஊறின. தினமும் சோதனைத் தாள். பக்கத்துக்குப் பக்கம் தேதி போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். வித்யா கேட்டால் காட்ட. அவள் சொன்ன பிறகுதான் துண்டுகளைத் தொட்டியில் அடுக்கி மீன் விட்டேன். இரண்டு வாரமாக உயிரோடு இருக்கின்றன. என் பவளப்பாறையில் ஒரு பவளம்கூட இல்லை. அதைச் சொன்னால், பாசி பிடிக்கட்டும்ப்பா, அதுவும் உயிர்தான் என்கிறாள். போனை வைக்கவே மாட்டேன் என்கிறாள்.

9.2.2025, தூத்துக்குடி

வித்யாவின் வகுப்பைப் படகில் கூட்டிப்போகிறார்கள், பெற்றோரும் வரலாம் என்றார்கள். "நீங்க வாரீங்களா?" என்று என்னைத்தான் முதலில் கேட்டாள். கரை மறைகிற வரை தைரியமாக உட்கார்ந்திருந்தேன். அலையைப் பற்றிப் பக்கத்துப் பெண்களுக்கு விளக்கம்கூடச் சொன்னேன். அப்புறம் படகு ஓரத்தில் தலையைத் தொங்கப்போட்டவன்தான். காலையில் தின்ற பரோட்டா தூத்துக்குடிக் கடலுக்குப் போயிற்று.

பேராசிரியர் கேட்டது காதில் விழுந்தது: "யாரும்மா அது?"

"எங்கப்பாங்க சார். மலைக்காரரு. கடலுக்குள்ள வாரது இதுதான் மொதத் தடவ."

நான் நிமிரவில்லை. கரை திரும்பும் வரை அவள் என் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து இறுகப் பிடித்திருந்தாள்.