கர்னல் வந்தால் சொல்ல வேண்டியது

மேவிஸ்,

தூய வெள்ளைக் கொலம்பைன் பூவை இங்கிலாந்துக்கு வழங்கிய தோட்டம் என்று நம் தோட்டம் இன்று வரலாற்றில் ஏறியிருக்க வேண்டும். எட்டு வருடத் தவம். விடிந்ததும் போய்ப் பார்த்தேன். பாத்தியில் முப்பத்தொன்பது செடி பூத்திருக்கிறது, அத்தனையும் அழுக்கு ஊதா.

மூன்று மணிக்குத் தோட்டச் சங்கத்துக் கர்னல் பார்வையிட வருவார். எனக்குப் பல்வலி, டவுனுக்குப் போயிருக்கிறேன் என்று சொல். கேக் வெட்டிக் கொடு, டீ கொடு. பாத்திப் பக்கம் மட்டும் விடாதே.

"மொட்டே ஊதாவாத்தான் தெரியுது ரெஜி, அந்த மனுஷனை வரவேணாம்னு சொல்லிடு" என்று நேற்று நீ சொன்னபோது நான் கத்தியிருக்கக் கூடாது. மறுபடி விதைத்தால் பூக்க இரண்டு வருடம். எனக்கு எழுபத்தாறு. இனி தெம்பில்லை.

ரெஜினால்ட்

பி.கு: மேஜைமேல் சங்கத்துக்கு எழுதிய புகார்க் கடிதம் இருக்கிறது. பக்கத்து வீட்டு மிஸஸ் பிளிம்மரின் ஊதாச் செடியிலிருந்து தேனீ மகரந்தம் கொண்டுவந்து என் விதையைக் கெடுத்துவிட்டது என்று எழுதியிருக்கிறேன். கிழித்துப் போடு.

அவள் தோட்டத்தில் கொலம்பைனே கிடையாது. நம் கரிக்கொட்டகைக்குப் பின்னால் நிற்கும் ஊதாக் கொலம்பைன் செடியை நட்டது நான்தான்.