தறிக்குழிப் பலகை

ஐப்பசி 8

விடியறப்பவே தூறல். கஞ்சி போட்ட பாவு நூல் காயாது. தறி சும்மா.

தணிகா தவழ்ந்துட்டான். இத்தினி நாளா வயித்தை இழுத்துகினு நகருவான், அவ்வளவுதான். இன்னிக்கு முட்டி போட்டு விறுவிறுன்னு அடுப்பாங்கரை வரைக்கும். என் தங்கச்சி வள்ளி கை தட்டிச் சிரிக்கறா, பெத்தவ ஆச்சே. அத்தை சுத்திப் போட மிளகாய் எடுத்துகினு வந்து மொதல்ல என்னைத்தான் பாத்தாங்க.

"நீ இன்னாத்துக்குப் பல்லைக் காட்டிகினு நிக்கிற? போய் வேலையப் பாரு."

வேலை: கொழந்தைக்கு ஆபத்தா கெடக்கறதை எல்லாம் எடுத்து வெக்கணும். அவரு சொன்னாரு. அவருன்னா என் புருஷன். வள்ளிக்கும் புருஷன். எனக்குப் பன்னெண்டு வருஷமா ஒண்ணும் தங்கல, நானே முன்ன நின்னு தங்கச்சியைக் கட்டி வெச்சேன். இப்ப அவ புள்ளைக்கு எட்டு மாசம். என் விரல் இன்னும் அவன் மேல பட்டதில்லை. மலடி தொட்டா புள்ளை துவண்டுபூடுமாம். அத்தை போட்ட சட்டம்.

தொடக்கூடாது, ஆனா காப்பாத்தணும். நல்லா இருக்குது நியாயம்.

ஐப்பசி 9

மழை விட்டுது. செஞ்சது:

அருவாமணை, பரண் மேல.
சாயப் பானை, கொல்லைக்கு. மூடி மேல அம்மிக் குழவி.
சிம்னி விளக்கு, ஒசரமா ஆணியில. (கார்டுக்கு மண்ணெண்ணெய் இந்த வாரமும் இல்ல. எரியாத வெளக்கு யாரைச் சுடப் போவுது.)
அவரு மூக்குப்பொடி டப்பி. எடுத்ததுக்கு ஒரு மொறைப்பு.

தறிக்குழிதான் பெரிய பாடு. கூடத்து நடுவுல, இடுப்பளவு ஆழம். அவரு உக்காந்து காலை விட்டு மிதிக்கற குழி, உள்ள மிதிகட்டை வேற. பழைய கதவுப் பலகை ஒண்ணு கொல்லையில கெடந்துது. ஒத்தை ஆளா இழுத்துகினு வந்து மூடினேன். நெய்யறப்ப எடுங்க, எழுந்தா மூடுங்கன்னு சொன்னேன். "ஆங், ஆங்." தலையக்கூடத் தூக்கல.

அப்பறம் நானும் முட்டி போட்டு வீடு பூரா தவழ்ந்து பாத்தேன். அவன் கண்ணுக்கு என்னென்ன தெரியுதுன்னு பாக்கணுமே. கட்டிலடியில ஒடஞ்ச வளையல் துண்டு. வள்ளியோடது. கூர்னா கூர். எடுத்து எறிஞ்சேன். அத்தை பாத்துட்டு, "அந்தப் பைத்தியம் நாலு கால்ல நடக்குதுடீ"ன்னு தெருவுக்கே சொன்னாங்க.

ஐப்பசி 11

தணிகா வாசப்படி கிட்ட போயிட்டான். அத்தை விழுந்தடிச்சு ஓடித் தூக்கினாங்க. புள்ளை மொத தடவை படி தாண்டினா கொழுக்கட்டை செஞ்சு தெருவுக்கே குடுக்கற வழக்கம். அது பதினேழாந்தேதி கிருத்திகைக்குத்தான் நடக்கணுமாம். தாண்டின கையோட மலைக்குத் தூக்கிகினு போயி முருகன் கிட்ட காட்டணுமாம். அதுவரைக்கும் வாசலை அடைச்சு வெக்கப் போறாங்களாம். இவங்க குறிச்ச நாளுக்குப் புள்ளை தவழணும்!

"எதை வெச்சு அத்தை அடைக்கப் போறீங்க?"

"உனக்கு இன்னாத்துக்குடி அது? கண்ணு வெக்கவா?"

வாயை மூடிகினேன்.

ஐப்பசி 12

எழுதிடறேன். இந்த வீட்டுல எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான்.

அவரு நூலுக்கு அரக்கோணம் போயிருந்தாரு. நான் கொளத்துல துணி அலசிட்டு கொல்லை வழியா வரேன், தொம்முன்னு சத்தம். கூடத்துல குழி தெறந்து கெடக்குது. என் பலகை வாசப்படியில குறுக்க நிக்குது. ஆள் இல்ல. புள்ளை குழிக்குள்ள, நெத்தி மிதிகட்டையில கிழிஞ்சு.

எறங்கினேன். தூக்கினேன். மாரோட அணைச்சேன். ரெண்டு தரம் வீறிட்டான், அப்பறம் என் தாலிக் கயித்தைப் புடிச்சுகினு நிறுத்திட்டான். அவன் ரத்தம் என் ரவிக்கையில சூடா. பாவி நான், அந்த நேரத்துல எனக்கு சந்தோஷமா இருந்துது. எழுதறேன். சந்தோஷமா இருந்துது.

"தொட்டுட்டா! கொன்னுட்டா!" அத்தை வந்து புடுங்கினாங்க. அவன் கயித்தை விடல. வெரலை ஒவ்வொண்ணா பிரிச்சாங்க.

சாயங்காலம் அவரு வந்து ஒரே கேள்விதான். "பலகையை எடுத்தது யாரு?" அத்தை முந்தானையை இழுத்து மூஞ்சியை மூடிகினாங்க. வள்ளி தரையைப் பாத்துகினே, "அக்காதான் காலையில நகத்திகினு இருந்தாங்க"ன்னா.

ஐப்பசி 13

பையனுக்கு ஜுரம் இல்ல. பால் குடிச்சானாம்.

வள்ளி கொல்லைக்கு வந்தா. "அத்தை எடுக்கச் சொன்னாங்க, எடுத்தேன். நெசத்தைச் சொன்னா என்னைத் தொரத்திடுவாங்க அக்கா. நீ போயேன். உனக்கு இன்னா, புள்ளையா குட்டியா?"

ஓங்கிக் கன்னத்துல ஒண்ணு விட்டேன். அழுதா. நானே மூக்கைத் தொடச்சு விட்டேன். சீ, என் கையை நானே ஒடிச்சுக்கணும்.

கிருத்திகைக்குள்ள நான் வெளிய போவணும்னு அத்தை கண்டிசன். என் பொட்டியைத் தூக்கி வண்டியில வெச்சது அவருதான். பலகையைப் போட வராத கை, இதுக்கு வந்துது.

ஐப்பசி 14, பள்ளிப்பட்டு

அண்ணன் வீடு. நல்ல வெயில். எனக்கு முன்னாடியே சேதி வந்து சேந்துட்டுது. அண்ணிக்கு ரெண்டாவது பொண்ணு, பொறந்து மூணு மாசம். நான் உள்ள வரேன், அண்ணி கூடத்துல இருந்த தொட்டிலைக் கழட்டி உள்ரூம்ல கட்டிகினு இருக்காங்க. "இங்க காத்து ஜாஸ்தி, அதான்." அண்ணன் தெருவையே பாத்துகினு நிக்குது. காத்து எங்க அடிக்குது? ஒரு எலை அசையல.

மத்தியானச் சாப்பாடு ஒழுங்கா போட்டாங்க. தண்ணி கொண்டாந்து வெச்சாங்க. கொறை சொல்லக்கூடாது.

கதவு ஒருக்களிச்சு இருந்தப்ப பாத்தேன். தொட்டில் கயிறு, உத்தரத்து வளையத்துல மாட்டற எடத்துல, மூணு புரியில ரெண்டு இத்துப் போயிருக்குது. கொழந்தை உள்ளதான். அண்ணி பாட்டு பாடி ஆட்டிகினு இருக்காங்க.

நான் இன்னும் சொல்லல.