நடந்தாச்சு

பந்தலூர்
12 நவம்பர் 2024

அன்புத் தம்பி பாலுவுக்கு அக்கா எழுதுவது.

நாங்கள் சுகம். சாப்பிடுகிறாயா என்று கேட்டால் உனக்குக் கோபம் வரும். கேட்கவில்லை.

இங்கே மழை விடவில்லை. எஸ்டேட் லயத்தின் பின்சுவர் முழுக்க ஈரம். சுவாதி அதில் விரலால் படம் வரைகிறாள். திட்டினால் உன்னைப் போலவே முறைக்கிறாள்.

உன் மாமா சனிக்கிழமை பையோடு வந்து இறங்கினார். லீவு என்கிறார். தீபாவளிக்குக் கேட்டே கிடைக்காத லீவு, சும்மா ஒரு நாளில் எப்படிக் கிடைக்கும்? சாப்பிடுகிறார், கட்டிலில் படுத்துக் கூரைத் தகரத்தைப் பார்க்கிறார். மலை ரயில் பாறையில் மோதியதையும் லிங்கசாமி என்ற பிரேக்ஸ்மேனுக்கு அடிபட்டதையும் டிவியில் பார்த்தேன். உங்க லைனா என்று கேட்டேன். "நடந்தாச்சு, விடு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நீயும் அவரும் தண்டவாளம் பார்க்கும் ஒரே கேங். உனக்குத் தெரியாமல் இருக்காது. என்ன நடந்தது?

போன் அவர் கையில்தான் இருக்கிறது. நான் சமைக்கிற பால்வாடி விலாசத்துக்கு எழுது. அங்கே டீச்சர் எடுத்து வைப்பார்.

உன் அக்கா
சுகுணா


குன்னூர்
17 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "நடந்தாச்சு" என்ற இடத்தில் இரண்டு முறையும் நின்றுவிட்டேன்.

அந்த வார்த்தை இங்கே வேறு. கீமேன் விடியலில் தன் பகுதித் தண்டவாளம் முழுவதையும் நடந்து பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போன் செய்து "நடந்தாச்சு" என்பார். அதன் பிறகுதான் கீழிருந்து முதல் வண்டி புறப்படும்.

மாமாதான் எங்கள் கீமேன். போன வருஷம் மழையில் ஒரு தடுப்புச்சுவர் விரிசல் விட்டதைப் பார்த்துச் சிவப்புக் கொடி காட்டி வண்டியை நிறுத்தினார். வண்டியில் யாரோ முக்கியமானவர்கள் இருந்தார்கள். அன்று சுவர் விழவில்லை. காரணமில்லாமல் வண்டியைத் தாமதப்படுத்தியதாக மெமோ வந்தது. பிறகு பக்கத்துப் பகுதியின் கீமேன் ஓய்வு பெற்றார், அவர் இடத்துக்கு ஆள் வரவில்லை. அதையும் மாமாவே நடக்க வேண்டும் என்றார்கள். அடுத்த பகுதியையும்.

மாமா கத்தவில்லை. சண்டை போடவில்லை. நடப்பதை மட்டும் குறைத்துக்கொண்டார்.

அவர் மட்டுமல்ல. இங்கே எல்லோரும் உடம்பை மட்டும்தான் வேலைக்குக் கொண்டு வருகிறோம். கோடையில் கீழேயிருந்து ஒருவர் வந்து, வேலையை நேசிப்பது எப்படி என்று வகுப்பெடுத்துக் கைதட்டச் சொன்னார். தட்டினோம். வேலையை நேசித்தாயா என்று மறுநாள் மேஸ்திரி ஆறுமுகசாமி கேட்டார். "நடந்தாச்சுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். போல்ட் முடுக்கினாயா, நடந்தாச்சு. பல் விளக்கினாயா, நடந்தாச்சு. அந்த வார்த்தையை நாங்கள்தான் கொன்றோம்.

அன்று காலை மாமா டீக்கடையில் இருந்தார். நான் பக்கத்தில். நல்ல மழை. போனை எடுத்து "நடந்தாச்சு" என்றார். வைத்துவிட்டு இன்னொரு வர்க்கி கேட்டார்.

என்ஜின் பின்னாலிருந்து தள்ளும். முன்பெட்டியின் வாசலில் நிற்கும் பிரேக்ஸ்மேனுக்கு மட்டும்தான் பாதை தெரியும். வளைவு திரும்பியதும் லிங்கசாமி பாறையைப் பார்த்திருக்கிறார். சிவப்புக் கொடி காட்டியிருக்கிறார். பிரேக் சக்கரத்தைச் சுற்றியிருக்கிறார். குதித்திருக்கலாம். குதிக்கவில்லை. பயணிகளுக்குச் சிராய்ப்புத்தான். அவருக்கு இடது கால், முழங்காலுக்குக் கீழே, போய்விட்டது.

இனிமேல்தான் விஷயம். லைனை நடந்து பார்த்தது உண்மை என்றால், பாறை அதன் பிறகுதான் விழுந்தது, லிங்கசாமிதான் அதைத் தாமதமாகப் பார்த்துத் தாமதமாகக் கொடி காட்டினார் என்று ஆகும். மாமா தப்பிக்க வேண்டுமானால் லிங்கசாமி குற்றவாளியாக வேண்டும். மாமா நடந்தார் என்று கேங் முழுக்க ஒரே பேச்சாக இருக்கிறது. மேஸ்திரி என் அறைக்கே வந்தார். "நீ புதுசா ஒண்ணும் சொல்ல வேணாம் தம்பி. எல்லாரும் சொல்றதச் சொன்னாப் போதும்."

மாமாவுக்கு லீவு இல்லை அக்கா, சஸ்பென்ஷன். 28ஆம் தேதி விசாரணைக்கு என்னை அழைத்திருக்கிறார்கள்.

பாலு


பந்தலூர்
21 நவம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

கடிதத்தைப் பால்வாடி அடுப்பில் போட்டுவிட்டேன். முட்டை வெந்துகொண்டிருந்தது.

நீ என்ன சொல்லப் போகிறாய் என்று எனக்குத் தெரிகிறது. சொல்லாதே.

பொய் சொல்லச் சொல்லவில்லை. பார்க்கவில்லை என்று சொல். அன்று காய்ச்சலில் படுத்திருந்தேன் என்று சொல். உன்னை யார் மறுக்கப் போகிறார்கள்?

எம்.ஏ. முடித்துவிட்டு ஒரு வருஷம் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தாயே, அப்போது உன்னைப் பரீட்சைக்குச் சென்னை வரை கூட்டிப்போனது யார்? ஹாலுக்கு வெளியே வெயிலில் நின்றது யார்? ஓடுகிற தேர்வில் நீ மூச்சு வாங்கி நின்றபோது, கம்பிக்கு அந்தப் பக்கம் கூடவே ஓடினாராம். நீதான் சொல்லிச் சிரித்தாய்.

அவர் நியாயமாக வண்டியை நிறுத்திய அன்று அந்த நியாயம் அவருக்கு என்ன செய்தது? மெமோ கொடுத்தது. இப்போது நீ போய் நியாயம் பேசினால் அதே ஆட்கள்தானே கேட்டுக்கொள்வார்கள்?

லிங்கசாமிக்குக் கால் போய்விட்டது, வேலையும் போக வேண்டுமா என்று எழுதுவாய். எழுதாதே. இரவெல்லாம் அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று சொல்கிறேன். இவர் இங்கே வந்ததிலிருந்து விடியலில் எழுந்து நடக்கிறார். ஃபாக்டரி வரை போய்த் திரும்பி வருகிறார். தலை குனிந்தபடியே நடக்கிறாராம், எதையோ தேடுகிற மாதிரி. கொழுந்துக்குப் போகிற பெண்கள் என்னிடம் கேட்கிறார்கள். நான் சுகருக்காக என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இதைப் பார்த்த பிறகும் உன்னால் முடியுமா?

சுகுணா


குன்னூர்
1 டிசம்பர் 2024

அக்காவுக்கு,

விசாரணைக்கு முன்னால் கோயம்புத்தூர் போய் லிங்கசாமியைப் பார்த்தேன். மேலே போர்த்தியிருந்த துணி ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. நான் அங்கே பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தேன். அவர் மனைவி வேலாமணி எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். நான் யாருடைய மச்சினன் என்று அவருக்குத் தெரியாது.

லிங்கசாமி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஏனுங் தம்பி, நா கொடி காட்டுனது லேட்டுன்னு சொல்றாங்கொ. நாலு பேரு வந்து அதையே கேட்டுப்போட்டாங்கொ. இப்ப எனக்கே சந்தேகமா இருக்குதுங்க. லேட்டாத்தான் காட்டீட்டனோ என்னமோ."

அக்கா, அவர் நம்பத் தொடங்கிவிட்டார்.

28ஆம் தேதி சொன்னேன். டீக்கடை, போன், எல்லாம். பிறகு மெமோவைப் பற்றிச் சொன்னேன். ஒரே ஆள் மூன்று பகுதி நடப்பதைப் பற்றிச் சொன்னேன். நடக்க முடியாது, மூன்றையும் ஒரே ஆள் நடந்து யாரும் பார்த்ததில்லை, பார்த்து நிறுத்தினால் தண்டனை என்றேன். டைப் அடிப்பவர் கையை எடுத்துவிட்டார். அது இந்த விசாரணைக்குச் சம்பந்தமில்லாதது என்றார் அதிகாரி. மரியாதையாகத்தான் சொன்னார். மாமா நடக்கவில்லை என்ற வாக்கியம் மட்டும் தாளில் இருந்தது.

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"கையெழுத்துப் போடலேன்னா இது வெறும் பேப்பர். நஷ்டம் லிங்கசாமிக்குத்தான். யோசிங்க" என்றார் அதிகாரி.

யோசித்தேன். போட்டேன்.

நான் சொன்னதில் பாதி உண்மையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பாதி மாமாவின் மேல் விழுந்தது. மீதி அந்த அறையிலேயே கிடக்கிறது.

நேற்று ஒரு தண்டவாளத்தை நகர்த்த வேண்டியிருந்தது. ஆறு பேர் தூக்கும் எடை. ஐந்து பேர் தூக்கினார்கள். குனியப்போன என்னிடம், "எம்.ஏ. ஒதுங்கி நில்லுங்க, கையி அழுக்காயிரும்" என்றார் மேஸ்திரி. மூச்சுத் திணறத் திணறத் தூக்கினார்கள். இந்த மூன்று வருஷத்தில் அவர்கள் இவ்வளவு முனைப்பாக வேலை செய்து நான் பார்த்ததில்லை.

பதில் போடு. திட்டியாவது போடு.

பாலு


குன்னூர்
22 டிசம்பர் 2024

அக்கா,

பதில் இல்லை. பால்வாடிக்கு லீவா? கடிதம் கிடைத்ததா என்று மட்டும் எழுது.

பாலு


பந்தலூர்
26 ஜனவரி 2025

பாலுவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன.

அவருக்கு ஆர்டர் வந்துவிட்டது. இனி வேலை இல்லை. படித்து என்னிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார். தேவர்சோலையில் ஒரு மரக்கடையில் ஆள் கேட்கிறார்களாம், போய்ப் பார்க்கிறேன் என்கிறார். லிங்கசாமிக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள் என்றும் அவரே சொன்னார். யாரிடம் விசாரித்தார் என்று நான் கேட்கவில்லை. உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் பேச்செடுத்தாலும் எழுந்து போய்விடுகிறார்.

நீ செய்தது தப்பு என்று எழுதத்தான் இத்தனை நாளும் உட்கார்ந்தேன். வரவில்லை. நீ தப்பு செய்திருந்தால் இதற்குள் மன்னித்திருப்பேன். இப்போது எதை மன்னிப்பது?

போன வாரம் கோயிலில் சுவாதிக்குக் காது குத்தினோம். அவர் வீட்டு ஆட்கள் வந்திருந்தார்கள். மாமன் எங்கே, யார் மடியில் உட்கார வைப்பது என்று ஆசாரி கேட்டார். அவருடைய சிநேகிதர் அய்யாவு, நான் இருக்கிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டி உட்காரப் போனார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் மடியிலேயே வைத்துக்கொண்டேன். ஒரு காது குத்தும்வரை அழாமல் இருந்தாள்.

அந்த இடத்தில் வேறு ஆளை உட்கார விடவில்லை.

உன்னையும் கூப்பிடவில்லை.

சுகுணா